வாசகர் கேள்வி – பதில்: கல்லூரிப் பணமும் கை தூக்கும் குழுவும்

சென்ற இதழில், அமெரிக்காவின் இல்லினாய்ஸ் மாநிலத்தில் உள்ள டூபேஜ் கல்லூரி 2015-ல் தன் தலைவரை முன்கூட்டியே வழியனுப்ப ஏழரை லட்சம் டாலருக்கு மேல் கொடுக்கத் தீர்மானம் போட்டதையும், பிறகு வந்த புதிய பெரும்பான்மை அவரை நீக்கிவிட்டுக் கடைசியில் பணம் கொடுத்ததையும் பற்றி ஒரு வாசகருக்குச் சுருக்கமாகப் பதில் சொல்லியிருந்தேன். அதைப் படித்துவிட்டு ஊரிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் கடிதங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. அதனால் இந்த முறை பக்கம் முழுக்க அதே விஷயம்தான்.

நேப்பர்வில்லில் வீடு வாங்கி சில வருடம் ஆகிறது. சொத்து வரி பில்லில் பள்ளிக்கூடம், பூங்கா, தீயணைப்பு என்று ஒவ்வொன்றுக்கும் தனி வரி இருக்கிறது, அதில் நீங்கள் சொன்ன கல்லூரியும் ஒன்று. என் பிள்ளைகள் அங்கே படிக்கவில்லை. நான் எதற்குக் கட்டுகிறேன், அந்தப் பணத்தைக் கையாள்வது யார்?
– வாசகர், நேப்பர்வில், இல்லினாய்ஸ்

உங்கள் பில்லில் கல்லூரிப் பெயருக்குப் பக்கத்தில் 502 என்று ஓர் எண் இருக்கும், பாருங்கள். அது கல்லூரி மாவட்டத்தின் எண். பள்ளிக்கூடத்துக்குப் போகும் தொகையோடு ஒப்பிட்டால் இது சின்னது, அதனாலேயே யார் கண்ணிலும் படுவதில்லை. ஆனால் ஒரு மாவட்டம் முழுக்க வீடு வீடாகச் சேர்ந்தால் பெரிய பணம்.

க்ளென் எலின் ஊரில் இருக்கும் அந்தக் கல்லூரி 1967-ல் தொடங்கியது. இப்படிப்பட்டதைச் சமுதாயக் கல்லூரி என்பார்கள்: இரண்டு வருடப் படிப்பு, அதை முடித்துவிட்டு நாலு வருடப் பல்கலைக்கழகத்துக்கு மாறிக்கொள்ளலாம். நர்சிங், வெல்டிங், சமையல்கலை, ஆங்கிலம் தெரியாதவர்களுக்கு ஆங்கிலம் எல்லாம் உண்டு. கணவரின் வேலைக்காக எச்4 விசாவில் போய் வீட்டில் உட்கார்ந்திருக்கும் நம் பெண்கள் பலர் மறுபடி படிக்கத் தொடங்குவது இப்படிப்பட்ட கல்லூரிகளில்தான். பணம் இல்லாதவர்களுக்கும் வயது கடந்தவர்களுக்கும் அந்த நாட்டில் மேல்படிப்புக்கு இருக்கிற வாசல் இதுதான். அதனால்தான் இதில் நடக்கும் ஒவ்வொரு வீண்செலவும் எனக்கு உறுத்துகிறது.

நடத்துவது ஏழு பேர் கொண்ட ஆட்சிக்குழு. மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள், ஆறு வருடப் பதவி, சம்பளம் கிடையாது. மாணவர் பிரதிநிதி ஒருவரும் உண்டு, ஆனால் அவர் ஓட்டு கணக்கில் சேராது, கருத்து மட்டும்தான். வரி எவ்வளவு, கட்டணம் எவ்வளவு, தலைவர் யார், எந்த காண்டிராக்டருக்கு எந்த வேலை எல்லாம் இந்த ஏழு பேர் கையில். தேர்தல் ஒற்றைப்படை ஆண்டுகளில் ஏப்ரல் மாதம் வரும். ஜனாதிபதி தேர்தலுக்கு வரிசையில் நிற்கிறவர்களில் பெரும்பாலோர் அந்த ஏப்ரல் செவ்வாய்க்கிழமை வீட்டை விட்டுக் கிளம்புவதே இல்லை.

ஏழு பேர் உட்கார்ந்திருந்தும் இவ்வளவு நடந்தது என்றால் எல்லாருக்கும் பங்கு போனது என்றுதானே அர்த்தம்? நான் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். கேள்வி கேட்காத நிர்வாகக் குழுக்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.
– வாசகி, மதுரை

பங்கு போனது என்று யாரும் நிரூபிக்கவில்லை அம்மா. என்னைக் கவலைப்படவைப்பதும் அதுதான். ஒரு பைசா வாங்காமலேயே, சும்மா கை தூக்கியே, ஒரு குழு இவ்வளவையும் நடக்க விட முடியும்.

நடந்ததைச் சொல்கிறேன். ராபர்ட் ப்ரூடர் 2009-ல் தலைவராக வந்தார். 2010-ல் 16.8 கோடி டாலர் கடன் பத்திரத்துக்கு மக்கள் ஓட்டுப் போட்டு அனுமதி கொடுத்தார்கள். கட்டடங்கள் எழுந்தன, வளாகமே புதிதாகிவிட்டது. அதை நான் குறை சொல்ல மாட்டேன், பழைய கட்டடங்கள் பலவற்றுக்கு அது தேவைதான். ஆனால் சமையல்கலைப் படிப்புக்கு என்று கட்டிய இடத்தில் வாட்டர்லீஃப் என்று ஒரு உயர்தர ரெஸ்டாரென்டும் ஆறு அறை ஹோட்டலும் வந்தன. சமையல்கலை மாணவர்களுக்குப் பயிற்சி வேண்டும், சரி. ஆனால் ரெஸ்டாரென்ட் நஷ்டத்தில் ஓட, கல்லூரியின் மேலதிகாரிகளே அங்கே சாப்பிட்டு, மது உட்பட, கல்லூரிக் கணக்கில் எழுதிக்கொண்டது 2015 வாக்கில் ரசீது ரசீதாக வெளியே வந்தது. தலைவரின் வேட்டை மன்ற உறுப்பினர் கட்டணமும் கல்லூரிப் பணத்தில்தான் போயிருந்தது.

இதெல்லாம் குழுவுக்கு எப்படித் தெரியாமல் போனது? அங்கேதான் இருக்கிறது சூட்சுமம். ஒரு வரம்புக்குக் கீழே இருக்கும் பில்களைக் கல்லூரியே ஒரு தனிக் கணக்கிலிருந்து கட்டிவிடும், குழுவின் முன் வரும் பட்டியலில் அவை ஒவ்வொன்றாக வராது. அன்றாடச் செலவுக்கு அப்படி ஒரு கணக்கு எந்த நிறுவனத்துக்கும் வேண்டும்தான். ஆனால் அந்தக் கணக்கைக் கொண்டுவா, பார்க்கிறேன் என்று கேட்க ஒருவராவது வேண்டும் இல்லையா? கல்லூரிக்கு நன்கொடை திரட்டும் அறக்கட்டளையில் உறுப்பினராக இருந்த சிலரின் நிறுவனங்களுக்கே கல்லூரி வேலைகளும் போயிருந்தன, அதில் சில டெண்டர் இல்லாமலேயே. நன்கொடை கொடுப்பவரும் அவரே, வேலை எடுப்பவரும் அவரே என்றால் அந்த நன்கொடை எங்கிருந்து வருகிறது என்று கேட்க உங்களுக்கு எனக்கு எல்லாம் தோன்றும், குழுவில் பெரும்பான்மைக்குத் தோன்றவில்லை.

2014-ல் தலைவர் குழு உறுப்பினர்களுக்கு அனுப்பிய ஒரு மின்னஞ்சல் வெளியே வந்தது. மாநில அரசு தருவதாகச் சொன்ன 2 கோடி டாலர் கட்டட மானியத்தை எப்படி வாங்குவது என்பது விஷயம். முதலில் பணம் கைக்கு வரட்டும், அதற்கேற்ற திட்டத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்ற போக்கு அதில் அப்பட்டமாகத் தெரிந்தது. அன்றைய கவர்னர் பாட் க்வின் மானியத்தையே நிறுத்திவிட்டார். அந்த ஆண்டு ஆசிரியர் சங்கம் தலைவர் மீது நம்பிக்கையில்லை என்று ஓட்டெடுப்பு நடத்தித் தீர்மானமும் போட்டது.

குழு என்ன செய்தது தெரியுமா? கேள்வி கேட்டுக்கொண்டிருந்த ஒரே உறுப்பினர் கேத்தி ஹாமில்டன் மீது கண்டனத் தீர்மானம் போட்டது! நீங்கள் பார்த்த நிர்வாகக் குழுக்களிலும் இது நடந்திருக்கும் என்று நினைக்கிறேன். செலவு செய்தவரைவிட, கூட்டத்தில் சங்கடம் உண்டாக்குகிறவர்தான் அவர்கள் கண்ணுக்குக் குற்றவாளி.

2015 ஜனவரியில் 762,868 டாலர் கொடுத்து, ஒப்பந்தம் முடியும் முன்பே தலைவரை விடைபெறச் செய்யும் தீர்மானம் வந்தது. கூடவே ஒரு கட்டடத்துக்கு அவர் பெயரும். ஊரே திரண்டு வந்து மைக்கில் வேண்டாம் என்று சொல்லியும் 6-க்கு 1 என்று நிறைவேறியது. அந்த ஓட்டெடுப்பு முறைப்படி நடந்ததா என்று சந்தேகம் கிளம்ப, சில நாளில் மறுபடி ஓட்டெடுத்தார்கள். முடிவு அதேதான்.

தலைவர் ஜெயிலுக்குப் போனாரா?
– வாசகர், காரைக்குடி

இல்லை. அரசு வழக்கறிஞர்கள் ஆவணங்களைக் கேட்டு வாங்கினார்கள், விசாரணை நடந்தது, ஆனால் அவர் மீது குற்ற வழக்கு எதுவும் வரவில்லை. தான் செய்தது எல்லாம் குழுவின் ஒப்புதலோடுதான் என்பது அவர் தரப்பு. பெரும்பகுதி உண்மையும்கூட. ஒப்புதல் கொடுத்த கைகளைத்தான் நாம் பார்க்க வேண்டும்.

ஒழுங்கீனம் என்று சொல்லி வேலையை விட்டு நீக்கிய ஆளுக்குக் கடைசியில் பணம் கொடுத்தார்கள் என்று எழுதியிருந்தீர்கள். நான் வக்கீல் தொழிலில் இருப்பவன், எந்த அடிப்படையில் என்று தெரிந்துகொள்ள ஆசை.
– வாசகர், கோயம்புத்தூர்

உங்களுக்கு இது சுவாரசியமாக இருக்கும். 2015 ஏப்ரல் தேர்தலில் ஹாமில்டன் ஆதரித்த அணியினர் மூன்று பேரும் ஜெயித்தார்கள், ஏழில் நாலு என்று பெரும்பான்மை மாறியது. அக்டோபரில் புதிய பெரும்பான்மை ப்ரூடரைப் பதவி நீக்கியது, ஏழரை லட்சமும் கிடையாது என்றது. அவர் உடனே ஃபெடரல் நீதிமன்றத்துக்குப் போனார்.

குழு முன்வைத்த முக்கிய வாதம், பழைய குழு தன் காலத்துக்கு அப்பாலும் நீளும்படி போட்ட ஒப்பந்தம் புதிய குழுவைக் கட்டுப்படுத்தாது என்பது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. 2018-ல் ஏழாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. அதோடு, ஒருவர் மீது பகிரங்கமாக ஒழுங்கீனக் குற்றம் சாட்டி நீக்கும்போது, தன் பெயரைக் காப்பாற்றிக்கொள்ள அவருக்கு விசாரணை வாய்ப்புக் கொடுக்க வேண்டும் என்ற விதி பழையது, எல்லாருக்கும் தெரிந்தது. ஆகவே உறுப்பினர்கள் சட்டப் பாதுகாப்புக் கேட்டுத் தப்பிக்க முடியாது என்றும் சொல்லிவிட்டது. வழக்கு இன்னும் சில ஆண்டு இழுத்து, கடைசியில் சமரசத்தில் முடிந்தது. அந்த ஏழரை லட்சத்தைப் போலப் பல மடங்கு போனது, வக்கீல் செலவு தனி.

நோட்டீஸ் கொடுத்து, குற்றச்சாட்டுகளை எழுத்தில் வைத்து, பதில் கேட்டு, அப்புறம் நீக்கியிருக்கலாம். ஆவணங்கள் எல்லாம் கையில் இருந்தும் அவசரப்பட்டார்கள் என்பதுதான் என் ஆற்றாமை.

இந்தக் கூத்தில் ஒரு நல்லதும் நடந்தது. அதே 2015-ல் இல்லினாய்ஸ் சட்டமன்றம், சமுதாயக் கல்லூரித் தலைவர்களின் ஒப்பந்தம் நாலு வருடத்துக்கு மேல் போகக் கூடாது, விலகும்போது கொடுக்கும் தொகை ஒரு வருடச் சம்பளம், சலுகைகளைத் தாண்டக் கூடாது என்று சட்டம் போட்டது.

சுத்தம் செய்ய வந்தவர்களையும் குறை சொல்வது நியாயமா? அவர்கள் வராவிட்டால் அந்த ரெஸ்டாரென்ட் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும்.
– வாசகர், டவுனர்ஸ் க்ரோவ், இல்லினாய்ஸ்

ரெஸ்டாரென்டை மூடியது அவர்கள்தான், மறுக்கவில்லை. செலவு விவரங்கள் வெளிச்சத்துக்கு வந்ததிலும் ஹாமில்டனுக்குப் பெரிய பங்கு உண்டு. தனி ஆளாக 6-க்கு 1 என்று தோற்ற அந்த ஓட்டுக்கு எவ்வளவு மனத்திடம் வேண்டும் என்று எனக்குத் தெரியும்.

ஆனால் பெரும்பான்மை கிடைத்ததும் அவர்களும் தங்களுக்குப் பிடித்த வக்கீல் நிறுவனங்களையும் ஆலோசகர்களையும் வேகவேகமாக அமர்த்தினார்கள், வழக்கமான முறையைத் தாண்டி. வேண்டப்பட்டவர்களுக்கு வேலை கொடுக்கிறார்கள் என்று போன வருடம் சொன்னவர்கள் மீது இந்த வருடம் அதே குற்றச்சாட்டு. 2015 டிசம்பரில் ஹாமில்டன் ராஜினாமா செய்தார், குழு மூன்றுக்கு மூன்று என்று நின்றது. ஒரு தரப்பு கூட்டத்துக்கே வராமல் இருந்துவிட, குறைந்தபட்ச எண்ணிக்கை சேராமல் கூட்டங்கள் நடக்கவில்லை. 2016-ல் மாநில சமுதாயக் கல்லூரி வாரியத்தின் தலைவர் தலையிட்டு ஏழாவது உறுப்பினரை நியமிக்க வேண்டி வந்தது.

இதற்கு நடுவில், கல்லூரிக்கு அங்கீகாரம் கொடுக்கும் ஹையர் லேர்னிங் கமிஷன் 2015 டிசம்பரில் இரண்டு வருடக் கண்காணிப்பு எச்சரிக்கை கொடுத்துவிட்டது. பட்டியலிட்ட குறைகளில் பழைய நிர்வாகத்துடையவையும் இருந்தன, புதிய குழுவின் நடத்தையும் இருந்தது. 2017 கடைசியில்தான் நீங்கியது. அங்கீகாரம் போனால் ஃபெடரல் கல்வி உதவித்தொகை போய்விடும், இங்கே படித்த பாடங்களை வேறு பல்கலைக்கழகத்தில் சேர்த்துக்கொள்வதும் சிரமம். இரவு ஷிப்ட் முடித்துவிட்டுக் காலை வகுப்புக்கு வருகிற ஒரு நர்சிங் மாணவிக்கு, எந்த அணி ஜெயித்தது என்பதா பிரச்சினை? தன் படிப்பு செல்லுமா என்பதுதான். அவள் பெயரைச் சொல்லித்தான் இரண்டு அணியும் ஓட்டுக் கேட்டன.

இது குடியரசுக் கட்சி, ஜனநாயகக் கட்சிச் சண்டையா?
– வாசகி, திருச்சி

ஓட்டுச் சீட்டில் கட்சிப் பெயர் இருக்காது. ஆனால் கட்சிக்காரர்களுக்கு இது முதல் படிக்கட்டு. அந்தக் குழுவில் இருந்தவர்களில் இரண்டு பேர், டேவிட் ஓல்சனும் டீயான் மஸாச்சியும், பின்னால் குடியரசுக் கட்சி சார்பில் மாநில சட்டமன்றத்துக்குப் போனார்கள். டூபேஜ் பகுதி அப்போது பெரும்பாலும் அந்தக் கட்சியின் கோட்டை, அதனால் சண்டை இரண்டு கட்சிகளுக்கு நடுவே என்பதைவிட ஒரே கட்சிக்குள்ளேயே என்று சொல்லலாம்.

இல்லினாய்ஸ் கதையை விடுங்கள். இங்கே லாஸ் ஏஞ்சலஸில் தேர்தலுக்குத் தேர்தல் கல்லூரிக் கட்டடத்துக்குக் கடன் பத்திரம் என்று ஓட்டுச் சீட்டில் வந்து நிற்கிறது. நானும் கல்விக்குத்தானே என்று ஆமாம் போட்டுவிடுகிறேன். சரிதானே?
– வாசகர், லாஸ் ஏஞ்சலஸ்

ஆமாம் போடுவது தப்பு என்று சொல்ல மாட்டேன், போட்டுவிட்டு மறந்துபோவதுதான் தப்பு. உங்கள் ஊரின் ஒன்பது சமுதாயக் கல்லூரிகளுக்காக 2001, 2003, 2008 என்று மூன்று முறை மக்கள் அனுமதி கொடுத்த தொகை மொத்தம் சுமார் 570 கோடி டாலர். 2011-ல் லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் வரிசையாகக் கட்டுரை எழுதியது: திட்டமில்லாமல் கட்டி மறுபடி மாற்றிய வேலைகள், தரம் குறைந்த கட்டுமானம், இடைத்தரகர் செலவு, காண்டிராக்டர்களிடமிருந்து ஆட்சிக்குழு உறுப்பினர்களின் தேர்தல் நிதிக்குப் போன பணம். அந்த ஆண்டே கட்டுமானப் பிரிவின் தலைவரை வேலையை விட்டு நீக்கினார்கள். மாநிலக் கணக்கு அதிகாரி ஜான் சியாங்கின் தணிக்கையும் கடுமையாக வந்தது. முறைகேட்டைக் கண்டுபிடிக்க என்று நியமித்த ஆய்வு அதிகாரியைத் தேர்ந்தெடுத்த விதத்தையே அந்தத் தணிக்கை குறை சொன்னது.

இதில் எனக்குத் தாங்க முடியாத பகுதி வேறு. கடன் பத்திரப் பணத்தைக் கட்டடத்துக்குத்தான் செலவு செய்யலாம், ஆசிரியர் சம்பளத்துக்குத் தொட முடியாது. அதனால் ஒரு பக்கம் கான்கிரீட் கொட்டிக்கொண்டிருந்த அதே காலத்தில், மாநில அரசின் நிதி வெட்டால் கலிஃபோர்னியாவில் வகுப்புகள் குறைந்தன, ஒரு யூனிட் பாடத்துக்கு 20 டாலராக இருந்த கட்டணம் 2009-ல் 26, 2011-ல் 36, 2012-ல் 46 என்று ஏறியது. வீணான ஒவ்வொரு டாலரையும் மாணவர்கள் எப்படிப் பார்த்திருப்பார்கள்!

இன்னும் தெற்கே, மெக்சிகோ எல்லைக்குப் பக்கத்தில் சூலா விஸ்டாவில், சவுத்வெஸ்டர்ன் கல்லூரி. 2008-ல் 38.9 கோடி டாலர் கடன் பத்திரம் நிறைவேறியது. பிறகு காண்டிராக்டர்கள் கொடுத்த விருந்து, டிக்கெட், நாபா பள்ளத்தாக்கு ஒயின் ஏலத்துக்குப் பயணம் என்று ஒவ்வொன்றாக வெளியே வந்தது. அந்த மாநிலத்தில் அப்போது ஒரு அதிகாரி ஒருவரிடமிருந்து ஒரு வருடத்தில் 420 டாலருக்கு மேல் பரிசு வாங்கக் கூடாது, வாங்குவதைப் படிவம் 700-ல் எழுதியும் கொடுக்க வேண்டும். பெரும்பாலோர் மாட்டியது இந்தச் சின்ன விதிகளில்தான். 2012-ல் அந்தக் கல்லூரியையும் பக்கத்துப் பள்ளி மாவட்டத்தையும் சேர்ந்த உறுப்பினர்கள், அதிகாரிகள், காண்டிராக்டர்கள் மீது சான் டியேகோ அரசு வழக்கறிஞர் வழக்குப் போட்டார். பலர் சிறு குற்றத்தை ஒப்புக்கொண்டதோடு முடிந்தது.

அதற்கும் முன்னால் காண்டிராக்டர்களின் பண விவகாரத்தைத் தோண்டிக்கொண்டிருந்தது அந்தக் கல்லூரியின் மாணவர் பத்திரிகையான ‘சன்’. 2010-ல் தேர்தலுக்குச் சில வாரம் இருக்கும்போது, அச்சகத்துக்கு முறைப்படி டெண்டர் விடவில்லை என்று காரணம் சொல்லி நிர்வாகம் அச்சடிப்பதை நிறுத்தப் பார்த்தது. அந்தப் பிள்ளைகள் விடவில்லை.

உங்களுக்கு ஒரு வேலை சொல்கிறேன். 2000-ல் கலிஃபோர்னியாவில் வந்த சட்டத் திருத்தத்தால்தான் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டியிருந்தது 55 சதவீதமாகக் குறைந்தது. அதற்குப் பதிலாக மக்கள் கண்காணிப்புக் குழுவும் வருடாந்திரத் தணிக்கையும் கட்டாயம் என்று விதி வைத்தார்கள். அந்தக் குழுவில் யார் இருக்கிறார்கள், அவர்களுக்கு எந்தத் தகவல் போகிறது, கடைசியாக எப்போது கூடினார்கள் என்று பாருங்கள். அடுத்த முறை ஓட்டுப் போடும் முன் இதைப் பார்த்துவிட்டே போடுங்கள்.

எனக்கு க்ரீன் கார்டுதான், ஓட்டு இல்லை. ஆனால் வரி கட்டுகிறேன். என்னால் என்ன செய்ய முடியும்? கூட்டத்தில் பேசினால் விசாவுக்குப் பிரச்சினை வருமோ என்று மனைவி பயப்படுகிறார்.
– வாசகர், அரோரா, இல்லினாய்ஸ்

பொதுக் கூட்டத்தில் வரிசைப்படி எழுந்து நின்று வரிப்பணத்தைப் பற்றிக் கேள்வி கேட்பது அங்கே சட்டம் கொடுத்திருக்கும் உரிமை, அதற்குக் குடியுரிமை கேட்பதில்லை. அந்த மாநிலத்தின் திறந்த கூட்டச் சட்டப்படி பொதுமக்கள் பேச நேரம் ஒதுக்கியே ஆக வேண்டும். நிகழ்ச்சி நிரலை 48 மணி நேரம் முன்பே வெளியிட வேண்டும். இருந்தாலும் வீட்டில் பயம் இருந்தால், பேசவே வேண்டாம், ஆவணம் கேளுங்கள். தகவல் பெறும் சட்டப்படி கேட்டால் ஐந்து வேலை நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும், அவகாசம் கேட்டால் இன்னும் ஐந்து. மறுத்தால் மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகத்தில் அதற்கென்றே ஒரு அதிகாரி இருக்கிறார், அவரிடம் முறையிடலாம். டூபேஜ் விவகாரத்தில் பெரும்பகுதி இப்படிக் கேட்டு வாங்கிய ரசீதுகளால்தான் வெளியே வந்தது. கேட்டவர்களில் பத்திரிகைக்காரர்களும் இருந்தார்கள், எட்கர் கவுண்டி என்ற தூரத்து ஊரைச் சேர்ந்த தன்னார்வலர்களும் இருந்தார்கள். அவர்களுக்கும் இந்தக் கல்லூரிக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது.

என்ன கேட்பது? மொத்தச் செலவுக் கணக்கைக் கேட்காதீர்கள், ஆயிரம் பக்கம் அனுப்பி வைப்பார்கள், ஒன்றும் புரியாது. தலைவரின் இப்போதைய ஒப்பந்தமும் அதன் திருத்தங்களும் ஒன்று. போன நிதியாண்டில் டெண்டர் இல்லாமல் கொடுத்த வேலைகளின் பட்டியல் இன்னொன்று. குழுவின் முன் வராமல் கட்டிய சில்லறைப் பில்களின் ஒரு மாதப் பட்டியல். வக்கீல் நிறுவனங்களுக்குக் கட்டிய தொகை. அறக்கட்டளை உறுப்பினர்களின் பெயர்களைக் கல்லூரியின் இணையதளத்திலேயே எடுத்து, டெண்டர் இல்லாத பட்டியலோடு ஒரு சனிக்கிழமை உட்கார்ந்து ஒப்பிட்டுப் பாருங்கள். பெரும்பாலும் எல்லாம் ஒழுங்காகவே இருக்கும், அப்படி இருந்தால் அதையும் சந்தோஷமாக எழுதுங்கள்.

அடுத்த தேர்தல் 2027 ஏப்ரலில். உங்கள் தெருவில் குடியுரிமை வாங்கிய தமிழர்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று உங்களுக்கே தெரியும். பொங்கல் விழாவில் பார்க்கும்போது அந்தத் தேதியைச் சொல்லி வையுங்கள். ஆவணம் வந்ததும் எங்களுக்கு ஒரு பிரதி அனுப்புங்கள், சேர்ந்தே படிப்போம்.